பெண் பார்க்க வந்த அன்றே சொதி

எங்கள் வீட்டில் தேங்காய்க்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. மற்றதெல்லாம் இழுபறிதான். அப்பா திருநெல்வேலி டவுனில் ஒரு தேங்காய் மண்டியில் காய் உரிக்கிற வேலை பார்த்தார். தரையில் ஊன்றிய இரும்புப் பாரையில் காயைக் குத்தி ஒரு திருகு திருகினால் மட்டை கழன்று விழும். நாளெல்லாம் அதே வேலை. உரிக்கும்போது சில காய்களில் கீறல் விழுந்துவிடும். கீறல் விழுந்த காயை வெளியூருக்கு ஏற்ற முடியாது. போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். அதையெல்லாம் ஆட்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார் மண்டி அண்ணாச்சி. அப்பா துண்டில் முடிந்து கொண்டுவருவார்.

கீறல் காயை வைத்திருக்கவும் முடியாது. அன்று ராத்திரி இல்லாவிட்டால் மறுநாள் மத்தியானத்துக்குள் சமைத்துவிட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று அம்மா உட்கார்ந்து யோசித்ததாக எனக்கு நினைவில்லை. துண்டை அவிழ்க்கும்போது தெரிந்துவிடும். ஒரு காய் இருந்தால் துவையல். இரண்டு இருந்தால் அவியலோ கூட்டாஞ்சோறோ. அதற்கு மேல் இருந்தால் அம்மா துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"ஏட்டி, பொஸ்தகத்த மூடி வையி. சொதி வைப்போம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொதியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது தேங்காய்ப்பாலில் வேகிற காய்கறிக் குழம்பு. புளி கிடையாது, மிளகாய் வத்தல் கிடையாது. பார்க்க வெள்ளையாக, சாதுவாக இருக்கும். இஞ்சியும் பச்சை மிளகாயும் உள்ளே இருந்து வேலை செய்யும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டார் உட்காரவைத்துப் போடுகிற சாப்பாட்டில்தான் அதற்கு இடம். மறுவீட்டுச் சாப்பாடு என்றாலே சொதிதான். சொதி இலையில் விழுந்துவிட்டால் சம்பந்தம் முடிந்து, இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். தாலி ஏறுவதற்கு முன்னால் பெண் வீட்டில் அதைப் போடவும் மாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டில் அதை எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

அம்மா முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டுச் சமையலுக்குத் தேங்காய் துருவப் போவாள். அங்கே கண்ணால் பார்த்ததை வீட்டில் வைத்துப் பார்த்தாள். அப்படித்தான் மற்ற வீடுகளுக்கு எப்போதோ கிடைக்கிற விருந்துக் குழம்பு எங்களுக்கு வாராவாரம் கிடைத்தது. நாங்கள் இருந்தது ஒரு வளவில். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு வீட்டுத் தாளிப்பு மற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும். எதிர் வீட்டு அத்தை எட்டிப் பார்த்துக் கேட்பாள்.

"என்ன மைனி, இன்னிக்கும் மறுவீடா? மாப்பிள்ள எங்க?"

"மாப்பிள்ள மண்டியில காய் உரிக்காவ. வந்ததும் அனுப்பி வைக்கேன், ஆசதீரப் பாத்துக்கிடுங்க" என்பாள் அம்மா.

துருவுவது அம்மா. ஆட்டுரலில் அரைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிவது நான். முதலில் வருகிற கெட்டிப் பாலைத் தனியாக மூடி வைக்க வேண்டும். சக்கையை மறுபடி அரைத்தால் இரண்டாம் பால், அதையும் அரைத்தால் மூன்றாம் பால். மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பால் ஊற்றும்போது வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சி மிளகாயும் சேரும். முதல் பால் கடைசியில்தான். அது மட்டும் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரப் பார்க்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஒரு கொதி வந்துவிட்டால் பால் திரிந்து, எண்ணெய் தனியாக மிதக்கும். எலுமிச்சம்பழம் பிழிவதும் அடுப்பை விட்டு இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான்.

பால் பிழிந்த கையோடு மறுபடி புத்தகத்தை எடுப்பேன். என் கணக்கு நோட்டு முழுக்க எண்ணெய்ப் பொட்டுகள் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அடுத்த பக்கத்துக் கணக்கு இந்தப் பக்கம் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஒங்க வீட்ல வடைக் கடையா வச்சிருக்காங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நோட்டில் ஒரு கணக்கும் தப்பில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் எழுத்துக் கூட்டக்கூடக் கற்றதில்லை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் உயர்த்தித்தான் சொல்வேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு பேப்பரில் வந்த அன்று, அப்பா வழக்கத்தைவிட வெள்ளனே வந்தார். துண்டை அவிழ்த்தார். அம்மா ஒவ்வொரு காயாக எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, ஒண்ணுலயும் கீறலக் காணும்?"

"இனிமத்தான் விழும்" என்று அப்பா அரிவாளை எடுத்து ஒரே போடு போட்டார்.

காய்ச்சல் விட்ட மறுநாள் சொதி. மழைக்குக் கூரை ஒழுகி, ஏனங்களையெல்லாம் ஒழுகலுக்கு வைத்துவிட்டு மிச்சமிருந்த ஒரே சட்டியில் சொதி. தோற்றுப்போன பேச்சுப் போட்டிக்கும் சொதி உண்டு. இன்றைக்கும் எனக்கு மனசு சரியில்லை என்றால் நாக்கு தேடுவது இனிப்பை அல்ல, அந்த வெள்ளைக் குழம்பையும் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலையும்தான். வேறு எவர் வீட்டிலோ அது சம்பந்தத்தின் அடையாளமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது வெறும் ஆறுதல்.

இந்த வித்தியாசம் என் வாழ்க்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய விசயமாகிவிட்டது.

தொண்ணூறுகளின் பாதி தாண்டியிருந்த நேரம். நான் கணக்கில் பட்டம் முடித்திருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எட். படிக்க இடமும் கிடைத்திருந்தது. ஒரு வருசம் படித்தால் டீச்சர். வகுப்பு தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். அப்போது பார்த்து அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை. லீவில் வந்திருக்கிறான். நல்ல குடும்பம், அது வேண்டும் இது வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் கல்யாணம் உடனே நடந்தால் நான் பம்பாய்க்குப் போக வேண்டும். பி.எட். இடம் கைவிட்டுப் போகும்.

நான் அப்பாவிடம் நேரடியாகவே சொன்னேன். "எப்பா, படிப்பு முடிச்ச பெறகுதான்னா எனக்குச் சம்மதம். இல்லன்னா வேண்டாம்."

அப்பா பற்றவைக்க எடுத்த பீடியைத் திரும்பக் கட்டில் செருகினார். பிறகு சொன்னார். "வரட்டும். வந்ததும் மொதல்ல அந்தப் பேச்சத்தான் எடுப்பேன். அவிய சரின்னாத்தான் மேக்கொண்டு. ஆனா நானே கேட்டுக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத."

"நீங்க கேப்பியளா?"

"கேக்கேன்னு சொல்லுதேன்லா."

வந்தது மூன்று பேர். பையன், பையனுடைய அம்மா, அவருடைய அண்ணன். அந்தத் தாய்மாமன்தான் பேசுகிறவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். எங்கள் வீடு முன்னால் ஒரு அறை, பின்னால் அடுக்களை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அவ்வளவுதான். அவர் பேசினால் அடுக்களையில் ஏனம் அதிர்ந்தது.

கேசரி கொடுத்தோம், காப்பி கொடுத்தோம். நான் கும்பிட்டுவிட்டு நின்றேன். என்ன படித்திருக்கிறாய் என்று பையனின் அம்மா கேட்டார், சொன்னேன். பையன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல முகம்தான். நான் உள்ளே வந்து அப்பாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"பெறகு... அங்கன மழையெல்லாம் எப்பிடி?" என்றார்.

மாமா மழையில் ஆரம்பித்தார். மழையிலிருந்து மணிமுத்தாறு அணைக்குப் போனார், அணையிலிருந்து பூச்சி விழுந்த நாற்றுக்குப் போனார். அப்பா "ஆமா, ஆமா" என்று கூடவே போனார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அம்மாவை முறைத்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அவர்கள் கிளம்புகிற நேரத்தில் எதிர் வீட்டு அத்தை ஓடி வந்தாள். எங்கேயோ ஒரு பஸ்ஸில் கல்லை விட்டெறிந்துவிட்டார்களாம், பஸ்ஸையெல்லாம் நிறுத்திவிட்டார்களாம். அந்த வருசங்களில் அது அடிக்கடி நடந்தது. எந்த ஊரில் என்ன சண்டை என்று தெரியும் முன்னே ஜங்ஷனில் பஸ்கள் வரிசையாக நின்றுவிடும், கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். சாயந்தரம் வரை ஒன்றும் ஓடாது.

"அப்ப மத்தியானம் இங்கனயே சாப்பிட்டுருங்க" என்றார் அப்பா. வேறு எதைச் சொல்ல முடியும்?

அம்மா அடுக்களைக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடை கிடையாது. வீட்டில் இருப்பதைத்தான் வைக்க வேண்டும். கொஞ்சம் உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம், கிணற்றடி மரத்தில் முருங்கைக்காய், டப்பாவில் பாசிப்பருப்பு. மூலையில் அப்பா முந்தின நாள் கொண்டுவந்த தேங்காய்கள்.

"புளித்தண்ணி வச்சு அப்பளத்தப் பொரிச்சிருவோம்" என்றாள்.

"மொத மொத வந்தவங்களுக்குப் புளித்தண்ணியா? அவ்வளவு தேங்கா கெடக்கு. சொதி வைப்போம்."

அம்மா என் வாயைப் பொத்தாத குறை. "ஏட்டி, கூறுகெட்டவளே! பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு யாராவது சொதி வைப்பாங்களா? மறுவீட்டுக்கு வைக்கதுட்டி அது."

"நம்ம வீட்ல எத்தன மறுவீடு நடந்திருக்கு? நமக்கு நல்லா வர்றது அதுதானே. நம்ம சாப்பிடுததப் போடுவோம்."

அம்மா மூலையில் இருந்த காய்களைப் பார்த்தாள். இன்னும் ஒரு பொழுது வைத்தால் கெட்டுப்போகும். அதைவிட, அவளுக்கும் புளித்தண்ணீர் வைக்க மனசில்லை என்று நினைக்கிறேன். துருவியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மாதிரி நான் ஒருநாளும் சமைத்ததில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தது, காது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆட்டுரல் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று நடுநடுவே நிறுத்துவேன். முதல் பால் பிழிந்தபோது மாமா பம்பாயில் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாலின்போது யாரோ ஒரு சொந்தக்காரரின் வயிற்று ஆப்பரேசன். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் வெந்துகொண்டிருந்தபோது அப்பா மறுபடி தொண்டையைச் செருமினார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"பிள்ள படிப்பு விசயமா..." என்றார் அப்பா.

"படிப்புக்கென்ன அண்ணாச்சி, நல்லாப் படிக்க வச்சிருக்கிய!" என்று மாமா அந்தப் பேச்சை வாங்கி, தட்டிக்கொடுத்து, கீழே வைத்துவிட்டார். அப்பா "அதுக்கில்ல..." என்று இழுத்தார். அதற்குள் மாமா தன் மகன் படிக்காமல் சுற்றிய கதையைத் தொடங்கிவிட்டார்.

முதல் பாலை ஊற்றினேன். இந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது. விறகை வெளியே இழுத்து, தணலில் வைத்துக் கரண்டியால் பைய வளைத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக அப்போது மாமா, "ஆவணியில ஒரு நாளப் பாத்து..." என்று ஆரம்பித்தது கேட்டது. பாய்ந்து போய்க் கதவருகில் நின்று கேட்க வேண்டும் போல இருந்தது. போனால் சொதி திரிந்துவிடும். அம்மா என் தோளைப் பிடித்து, "அதப் பாரு, அதப் பாரு" என்றாள். ஓரத்தில் நுரை கட்டியது. இறக்கினேன். அவ்வளவு அழகாக அதற்கு முன்பு வந்ததில்லை. பால் வெள்ளைக்கு மேல் கறிவேப்பிலைத் தாளிப்பு மட்டும் மிதந்தது.

கிணற்றடி வாழையில் இலை அறுத்துப் போட்டோம். உப்பு, இஞ்சித் துவையல், அப்பளம், சோறு. அப்பா பக்கத்தில் நின்றார். நான்தான் சொதியை எடுத்துக்கொண்டு போனேன். மாமா சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார். முதல் கரண்டி விழுந்ததும் நிமிர்ந்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வீடு இடிகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அடேங்கப்பா! ஏ தங்கச்சி, பாத்தியா? சொதியே ஊத்திட்டாவ! மறுவீட்டுச் சாப்பாடே போட்ட பெறகு இனி என்ன பேச்சு அண்ணாச்சி? நான் எப்படிப் பேச்ச எடுக்கன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீரு கரண்டியாலயே முடிச்சுப்புட்டீரேவே! ஆவணி மொத முகூர்த்தம். சரிதானே?"

பையனின் அம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான், காது சிவந்திருந்தது. அப்பா கையில் அப்பளத் தட்டோடு நின்றார். வாய் திறந்தது, மூடியது. அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் இல்லை என்று சொல்லுகிற ஆள் அல்ல அவர். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போனால் அந்த மௌனமே சம்மதமாகிவிடும்.

"மாமா" என்றேன். அம்மா அடுக்களை வாசலிலிருந்து, "ஏட்டி" என்றாள் அடிக்குரலில். நான் திரும்பவில்லை.

"நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. எங்க வீட்ல சொதி மறுவீட்டுக்குன்னு வைக்கது கெடையாது. எங்கப்பா கொண்டுவார தேங்கா கெட்டுப்போவும்னு வாரத்துக்கு ஒரு தடவ வைப்போம். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான், நான் பாசானாலும் அதுதான். வீட்ல இருக்கதுல நல்லதப் போடணும்னு வச்சேன். அது சம்மதம் இல்ல."

மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு பி.எட். படிக்க எடம் கெடச்சிருக்கு. ஒரு வருசம். எங்க வீட்ல மொதல்ல படிச்சது நான்தான். பாதியில நிக்க மாட்டேன். அது முடிஞ்ச பெறகுதான்னு நீங்க சொன்னா எங்கப்பா பேசுவாவ. இல்லன்னாலும் வருத்தமில்ல. சாப்பாடு சாப்பாடுதான். நல்லா சாப்பிடுங்க."

சொல்லி முடிக்கும் வரை குரல் நடுங்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

"என்ன அண்ணாச்சி இது? பொம்பளப்பிள்ள இலை முன்னால நின்னு நியாயம் பேசுதா, நீரு பாத்துக்கிட்டு நிக்கீரு!" என்றார் மாமா. குரல் ஏறியது.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். "அவ சொன்னதத்தான் அண்ணாச்சி நானும் காலையிலயிருந்து சொல்ல வந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பையனின் அம்மா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, சத்தம் போடாதிய. அது கேக்கது நியாயந்தான். நமக்குத்தான் தோது இல்ல. இவனுக்கு லீவு ஆவணியோட முடியுது. பெறகு கம்பெனியில எப்ப லீவு விடுவானோ? ஒரு வருசம்னு சொல்லிப்போட்டு ரெண்டு மூணுன்னு இழுத்தா, பொண்ணு வீட்டுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்." என்னைப் பார்த்தார். "நீ படிம்மா. எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊத்து."

ஊற்றினேன். பையனும் இலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும்" என்றான். அன்று அவன் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் பஸ் ஓடவில்லை. இதுதான் அன்றைய பெரிய சோதனை. ஒரு சம்பந்தம் இல்லை என்று ஆன பிறகு இரண்டு குடும்பமும் அந்த ஒரே அறையில் சாயந்தரம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, சொதிக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். மாமா கோபத்தோடுதான் சுவரில் சாய்ந்தார். கோபம் முடியும் முன்னே குறட்டை வந்துவிட்டது. அப்பா விரித்துக் கொடுத்த பாயில் அவர் சரிந்து படுத்ததும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பையன் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

அவன் அம்மா அடுக்களைக்கு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் சாப்பிட்டோம், அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைனி, பாலு திரியாம எப்பிடி இறக்குதிய? எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கொதி வந்துருது."

"நீங்க மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல வைக்கியளோ?" என்றாள் அம்மா. "அணைச்ச பெறகும் அதுல சூடு நிக்கும். மொதப் பால ஊத்தும்போதே ஸ்டவ்வ விட்டு எறக்கி வச்சிருங்க. குழம்புச் சூடே போதும்."

இரண்டு பேரும் சொதியிலிருந்து உளுந்தங்களிக்குப் போனார்கள். கருப்பட்டி எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று பேசினார்கள். சம்பந்தி ஆகியிருந்தால் நன்றாக ஒத்துப்போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வெயில் தாழ்ந்தபோது பஸ் விட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். மாமா எழுந்து முகம் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவிடம், "சாப்பாட்டக் குத்தம் சொல்ல முடியாதுவே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அவர்கள் போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அப்பா மத்தியானம் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. சோற்றைப் போட்டு, மிச்சமிருந்த சொதியை ஊற்றினாள் அம்மா. அப்பா பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நான் கேட்டிருப்பேன்."

"எப்பப்பா?"

"சாப்பிட்டு முடிக்கட்டும்னு பாத்தேன்."

"கேட்டிருப்பிய! ஆவணி மொத முகூர்த்தத்துக்குப் பெறகு கேட்டிருப்பிய" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா ஒண்ணுளா. கல்யாணமே ஆவாம மறுவீடு சாப்பிட்டுப் போன மாப்பிள்ள வீடு டவுன்ல இவியதான்."

அம்மா சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது. நல்ல இடம் கைவிட்டுப் போன துக்கம் அவளுக்கு இருந்தது. பல நாள் இருந்தது. ஆனால் அன்று சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார். "அந்தக் காலேசுல மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வ?"

"டப்பாவுல கொண்டு போவேன்."

"இந்தச் சொதியையே குடுத்துவிட்டா என்ன? பிள்ளைக்குப் பிடிக்கும்லா."

"நல்லாக் குடுத்துவிட்டிய! காலையில வச்ச சொதி மத்தியானத்துக்குள்ள நுரைச்சிரும்" என்றாள் அம்மா. "புளிச்சோறுன்னா நிக்கும். எள்ளுப்பொடி இடிச்சு வச்சா அது பாட்டுக்குக் கெடக்கும். தேங்காச் சோறுன்னா துருவல நல்லா வதக்கிப் போடணும்."

"எலுமிச்சஞ்சோறு?"

"அதுவும் நிக்கும். தெனமும் ஒண்ணையே குடுத்தா திங்க மாட்டா."

எது கெடாமல் நிற்கும், எது நிற்காது என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நீ படிக்கப் போ என்று இரண்டு பேரும் அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தயிர்ச்சோறு?" என்றேன் நான்.

"தயிர விட்டா அங்கன போயித் தொறக்குததுக்குள்ள புளிச்சிரும்" என்றாள் அம்மா. "பால ஊத்திப் பெசஞ்சு, ஒரு சொட்டு மோரு விட்டுக் குடுத்துவிடுதேன். நீ தொறக்கும்போது சரியா இருக்கும்."